நான்காவது கிளாஸில் புகை இல்லை

"நமக்கும் ஒரு காலம் வரும்" என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் ஆயுளைக் கழித்துவிடுகிறார்கள். மூக்குக்காரிக்கு அந்தக் காலம் நிஜமாகவே வந்தது. திங்கட்கிழமை காலையில் அவள் பாரில் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தபோது, பார் கேப்டன் வாயில் செய்தியாக வந்து சேர்ந்தது.

"அக்கா, வியாழக்கிழமை மத்தியானம் மாடி ஹால்ல ஒரு வகுப்பு நடக்குது. பீர்ல என்னென்ன வகை, விஸ்கில என்னென்ன வகை, எதுக்கும் எதுக்கும் என்ன வித்தியாசம்னு ருசி காட்டிச் சொல்லித் தர்றாங்களாம். நாப்பது பேர். ஊத்தி வைக்கிற வேலை உங்களோடது."

"யாரு சொல்லித் தர்றது?"

கேப்டன் தலையைச் சொறிந்தான். "உங்க பழைய கம்பெனி மாஸ்டர்தான் அக்கா. முதலாளியம்மாவும் வர்றாங்களாம். வேணாம்னா சொல்லுங்க, அன்னிக்கு லீவு போட்டுக்கங்க."

"லீவா? நான் ஏன் லீவு போடணும்? அவருக்கு ஊத்திக் கொடுக்க என்னை விட்டா யாரு இருக்கா?" என்றாள்.

கோபம் மூக்குக்கு மேலே வருகிறவள்தான் அவள். ஒரு சொல் தப்பாக விழுந்தால் உடனே பதில் சொல்லிவிட்டு அரை மணியில் மறந்தும் போவாள். ஆனால் இது அந்த ரகக் கோபம் இல்லை. ஏழு மாதமாக உள்ளே கிடந்து ஊறிய கோபம். அவள் கையிலிருந்த கிளாஸை நிதானமாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வரிசையில் வைத்தாள்.

ஏழு மாதத்துக்கு முன்புவரை அவள் சாராய வடிப்பாலையில் கலவை அறையில் இருந்தாள். பீப்பாயில் பல வருஷம் கிடந்த விஸ்கியை முகர்ந்து பார்த்து, இது தேறும், இது தேறாது, இதோடு இதைச் சேர்க்கலாம் என்று சொல்கிற வேலை. வெள்ளை ஓடு பதித்த அறை, ஒரே ஒரு நீள மேஜை, மூடி போட்ட சின்னச் சின்ன கிளாஸ்கள். உள்ளே போகிறவர்கள் வாசனை சோப்பு போட்டுக் குளிக்கக் கூடாது, காலையில் வெங்காயம் தின்னக் கூடாது. நாற்பது மாதிரி முகர்ந்தபின் மூக்கு மரத்துப்போனால் முழங்கையின் மடிப்பில் தன் தோலையே முகர்ந்துகொண்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, மூடிக் கிடந்த பீப்பாய்க் கொட்டகைக்குள் நுழைந்து, "அந்த மூலையில ஒண்ணு கசியுது" என்று வாசலில் நின்றபடியே சொன்னாள். போய்ப் பார்த்தால் கசிந்துகொண்டிருந்தது. அன்றையிலிருந்து தொழிலாளிகள் அவளை மூக்குக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

கலவை அறைக்கு என்று ஒரு சட்டம் உண்டு. வாய் திறக்கும் முன் எழுது. இரண்டு பேர் முகர்ந்தால் இரண்டு பேரும் தனித்தனியாகச் சீட்டில் எழுதிய பிறகுதான் பேச வேண்டும். ஒருத்தர் சொன்னதைக் கேட்டால் அடுத்தவர் மூக்குக்கும் அதே வாசனைதான் தெரியும், மனுஷ மூக்கு அவ்வளவு இளிச்சவாய். ஆனால் மாஸ்டர் கடைசி மூன்று வருஷமாக அந்தச் சட்டத்தை மதிக்கவே இல்லை. "எழுதறது கிடக்கட்டும், நீ முதல்ல சொல்லும்மா" என்பார். அவள் சொல்வாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சரிதான், எனக்கும் அதேதான்" என்பார். இருபத்தைந்து வருஷ அனுபவஸ்தர் தன் வாயைப் பார்க்கிறார் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். வீட்டுக்கு வந்து கணவனிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாள்.

கணவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று அவள் நான்கு நாள் லீவு எடுத்தாள். அந்த நான்கு நாளில் மாஸ்டர் தனியாகப் பதினோரு பீப்பாய்களைத் தேர்ந்து கலக்கச் சொல்லியிருந்தார். அவள் திரும்பி வந்ததும் படிவத்தை நீட்டினார். "எல்லாம் நானே பாத்துட்டேன். உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

அவள் போட்டாள். முகராமல் கையெழுத்துப் போட்டாள். உப்புப் பார்க்காமல் குழம்பைப் பந்திக்கு அனுப்புகிற சமையல்காரி மாதிரி ஒரு காரியம், அதுவும் அவளைப் போன்ற ஒருத்தி செய்யக் கூடாத காரியம். மாஸ்டர் பார்த்துவிட்டார் என்றால் அப்புறம் நான் என்ன பார்ப்பது என்று நினைத்தாள். பதினொன்றில் ஒரு பீப்பாய் பூஞ்சை பிடித்திருந்தது. நனைந்த கோணிச் சாக்கு வாசனை மொத்தக் கலவையிலும் ஏறிவிட்டது. பாட்டில்கள் கடைகளுக்குப் போய், வண்டி வண்டியாகத் திரும்பி வந்தன.

முதலாளியம்மாவின் அறையில் விசாரணை நடந்தபோது மாஸ்டர் சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள். அவர் பெருமூச்சு விட்டு, "என்னத்தம்மா சொல்றது. அவ மூக்கு செத்துப்போச்சு. கொஞ்ச நாளாவே கவனிக்கிறேன். பாவம், பொம்பளைப் புள்ள, வெளிய சொல்ல வேணாம்னு மறைச்சு வெச்சேன். கையெழுத்து பாருங்க, அவளோடதுதான்" என்றார்.

அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதுதான் அவளை அறுத்தது. வேலை போன பிறகு அவள் ஏறாத படி இல்லை. வடிப்பாலை, பீர் ஆலை, மொத்த வியாபாரி, வாசனைத் திரவியக் கம்பெனி என்று போன இடத்திலெல்லாம் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "மாஸ்டர் சொன்னாரும்மா..." என்று இழுத்தார்கள். மனுஷன் தேடித் தேடிச் சொல்லி வைத்திருந்தார். மூக்கை வைத்துப் பிழைக்கிறவளுக்கு மூக்கு செத்துவிட்டது என்ற பேச்சு வந்தால் அவளையே உயிரோடு புதைத்த மாதிரிதான். ஒரு நாள் வீட்டில் பால் அடிப்பிடித்துவிட்டது. மாமியார் ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "ஏம்மா, இதுகூடவா தெரியல? வெளிய பேசிக்கிறது நெசம்தானா அப்போ?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்தது. பால் அடியில் பிடிக்க ஆரம்பித்த முதல் நொடியே தெரிந்தது. எழுந்திருக்கத்தான் மனம் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதை மாமியாரிடம் சொன்னால் நம்புவாளா? கடைசியில் இந்த ஹோட்டலில் கிளாஸ் கழுவி ஊற்றிக் கொடுக்கிற வேலை கிடைத்தது.

வியாழக்கிழமை வந்தது. அவள் காலையிலேயே மாடி ஹாலை ஒட்டிய சமையல் தடுப்பறையில் நின்று வேலையை ஆரம்பித்தாள். ஆளுக்கு எட்டு கிளாஸ், நான்கு பீர், நான்கு விஸ்கி. ஒவ்வொருவர் முன்பும் எண் போட்ட காகித விரிப்பு. பீரில் முதலாவது லாகர், இரண்டாவது கோதுமை பீர், மூன்றாவது ஏல், நான்காவது கறுப்பு ஸ்டவுட். விஸ்கியில் முதலாவது கலப்பு, இரண்டாவது பூர்பன், மூன்றாவது முளைகட்டின பார்லியில் மட்டும் வடித்த வெறும் மால்ட், நான்காவது புகை போட்ட மால்ட். அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்.

அவள் அப்படி ஊற்றவில்லை. லாகர் இடத்தில் ஏலையும், ஏல் இடத்தில் லாகரையும் ஊற்றினாள். இரண்டும் பொன் நிறம்தான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விஸ்கியிலும் அதே வேலை. பூர்பன் இடத்தில் புகை மால்ட், புகை மால்ட் இடத்தில் பூர்பன். நிறத்துக்கு நிறம் ஒத்துப்போகிற பாட்டில்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். நாற்பது பேருக்கும், மாஸ்டருக்கும், ஒன்று விடாமல்.

அவள் கணக்கு இதுதான். மாஸ்டர் மெத்தனக்காரர், அட்டையைப் பார்த்து ஒப்பிப்பார், கிளாஸைச் சும்மா மூக்குவரைக்கும் தூக்கிவிட்டு வைப்பார். தப்பாகச் சொன்னதும் முன்னால் வந்து நின்று, முதலாளியம்மா காதுபடக் கேட்டுவிடுவது. ஊரார் முன்னால் அவர் மூக்கை உடைப்பது. அதற்குமேல் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு ஹால் நிறைந்தது. முன்வரிசையில் முதலாளியம்மா, எதிரே ஒரு கிளாஸ் தண்ணீர். புருஷன் போன பிறகு கம்பெனியை அவர்தான் நடத்துகிறார், ஆனால் ஒரு சொட்டு தொட்டதில்லை. மாஸ்டர் கோட்டும் கையுமாக வந்தார். ஓரமாகத் தட்டோடு நின்றவளைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார்.

"அட, நீயா! இங்கயா இருக்கே? நல்லதும்மா. ஏதோ ஒரு வேலைன்னு இருக்கணும்ல."

"ஆமாங்க மாஸ்டர். உங்க புண்ணியம்" என்றாள் அவள்.

மாஸ்டருக்குப் பேச்சு வரும், அதைக் குறை சொல்லக் கூடாது. "பீரும் விஸ்கியும் ஒரே வயித்துப் புள்ளைங்க" என்று ஆரம்பித்ததுமே நாற்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "ரெண்டுக்கும் தானியம்தான் ஆத்தா. ஊறவெச்சு, இனிப்பை இறக்கி, நுரைக்கவெக்கிறோம். கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவெச்சு நுரைக்க விட்டு, அப்படியே குடிச்சா பீரு. பூவே போடாம நுரைக்க விட்டு, அதைக் காய்ச்சி ஆவியாக்கி, ஆவியைப் பிடிச்சு, மரப்பீப்பாயில வருஷக்கணக்கா அடைச்சு வெச்சா விஸ்கி. ஒருத்தன் வீட்டோட இருந்துட்டான், இன்னொருத்தன் தீயில வெந்து, இருட்டுல கிடந்து, புத்தி வந்து திரும்பியிருக்கான்." ஹால் சிரித்தது.

"பீர்ல ரெண்டு பெரிய குடும்பம். லாகர் குளிர்ல மெதுவா நுரைக்கும், ஈஸ்ட் அடியில தங்கும். சுத்தமா, லேசா இருக்கும். ஏல் கொஞ்சம் சூட்டுல வேகமா நுரைக்கும், ஈஸ்ட் மேல மிதக்கும். உடம்பு கனமா, கசப்பு தூக்கலா இருக்கும். ஸ்டவுட்டும் ஏல் வீட்டுப் பையன்தான், பார்லியைக் கருக வறுத்ததால கறுத்துட்டான். சரி, முதல் கிளாஸை எடுங்க, லாகர்."

அவர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். மூன்றாவது கிளாஸை எடுத்து அதையும் குடித்தார்.

"ஒரு நிமிஷம். யாரும் குழம்பிடாதீங்க. இதுல கசப்பு தூக்கலா இருக்கு, அவ்வளவா ஜில்லுனும் இல்ல. இதுதான் ஏல். மூணாவதுதான் லாகர். மாத்தி ஊத்தியிருக்காங்க."

நாற்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பின. மாஸ்டர் அதே பழைய பெருமூச்சை விட்டார்.

"திட்டாதீங்க. இந்தம்மா முன்னாடி எங்ககிட்ட இருந்தவங்கதான். நல்ல வேலைக்காரி. மூக்கு போயிடுச்சு, பாவம். குருடன் நம்ம மேல வந்து மோதிட்டா குருடனையா திட்டுவோம்?"

"அச்சச்சோ" என்றாள் ஒரு பெண்மணி. முதலாளியம்மா குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூக்குக்காரி காலித் தட்டை எடுத்துக்கொண்டு தடுப்பறைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று. பின்னாலேயே கேப்டன் ஓடி வந்தான்.

"அக்கா, என்னக்கா இது? மத்ததாவது சரியா இருக்கா? என் தலை உருண்டுடும் அக்கா!"

"இருக்கு, போ" என்றாள். எப்படி இருக்கும்? விஸ்கி கிளாஸ்களும் விரிப்பில் மூடியோடு உட்கார்ந்திருந்தன. ஏலையும் லாகரையும் பிரித்துச் சொன்ன மனுஷனுக்குப் புகை மால்ட் பிடிபடாமல் போகுமா? அது குழந்தைக்கும் தெரியும். மூடியைத் திறந்தாலே அணைத்த விறகும் ஆஸ்பத்திரிப் பஞ்சும் சேர்ந்த மாதிரி அறை முழுக்க ஏறிவிடும். இன்னும் பத்து நிமிஷத்தில் மறுபடி நாற்பது தலைகளும் திரும்பப் போகின்றன, இந்த வேலையும் போகப் போகிறது. அவள் கதவிடுக்கில் நின்று பார்த்தாள்.

கலப்பு விஸ்கியைச் சொல்லி முடித்துவிட்டு, மாஸ்டர் இரண்டாவது கிளாஸின் மூடியை எடுத்தார். புகை கதவிடுக்கு வரைக்கும் வந்து அவள் மூக்கில் ஏறியது. அவர் கிளாஸை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, நீளமாக இழுத்தார்.

"ஆஹா. பூர்பன். பாதிக்கு மேல சோளம். உள்பக்கம் கருக்கின புதுப் பீப்பாயில கிடந்தது. வெனிலா வருதா? தேன் வருதா? நல்லா இழுத்துப் பாருங்க."

நாற்பது பேரும் இழுத்துப் பார்த்தார்கள். "வருது, வருது" என்றார்கள். ஒருவர் "வெனிலா தூக்கலா இருக்கு சார்" என்றார். அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

நான்காவது கிளாஸ். உள்ளே பூர்பன், கல்யாண வீட்டு இனிப்பு மாதிரி மணக்கிறது. மாஸ்டர் இழுத்தார், முகத்தைக்கூடச் சுளித்துக் காட்டினார். "ஈரப் பார்லியைச் சதுப்பு நிலத்துக் கரியை எரிச்சுக் காயவெப்பாங்க. அந்தப் புகை தானியத்துல ஏறி, காய்ச்சினாலும் போகாம, வருஷக்கணக்கா இருந்தாலும் போகாம நிக்கும். பாருங்க, மூக்கைக் குத்துது!"

கடைசி வரிசையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "சார், எனக்கு என்னமோ ரெண்டாவதுலதான் புகை வந்த மாதிரி..."

"அது ஒண்ணுமில்ல. நாலஞ்சு குடிச்சதும் மூக்கு குழம்பிடும், எல்லாருக்கும் வர்றதுதான்."

"மன்னிக்கணும் சார்" என்று வாத்தியார் உட்கார்ந்துகொண்டார்.

மூக்குக்காரி கதவைப் பிடித்துக்கொண்டாள். பீரை எதை வைத்துக் கண்டுபிடித்தார்? கசப்பு, குளிர்ச்சி. இரண்டும் நாக்கு சொல்கிற சங்கதி. விஸ்கிக்கு நாக்கு உதவாது. காரம் ஒன்றைத்தான் நாக்கு சொல்லும், மிச்சமெல்லாம் மூக்கு. இந்த மனுஷனுக்கு நாக்கு இருக்கிறது, மூக்கு இல்லை. நீ முதல்ல சொல்லும்மா, நீ முதல்ல சொல்லும்மா என்று மூன்று வருஷம் கேட்டது மரியாதை இல்லை. அவள் மூக்கைக் கடன் வாங்கிப் பிழைத்திருக்கிறார். அவள் இல்லாத நான்கு நாளில் பூஞ்சைப் பீப்பாய் அவருக்கு எப்படித் தெரியும்? செத்தது அவர் மூக்கு. தன் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் வாசலில் போட்டுவிட்டு, பாவம் என்று வேறு சொல்லியிருக்கிறார்.

படுபாவி.

கேள்வி பதிலுக்கு முன்பு கால் மணி இடைவேளை விட்டார்கள். மாஸ்டர் நேராகத் தடுப்பறைக்கு வருவது தெரிந்தது, திட்டுவதற்குத்தான். அவள் மூலையிலிருந்த ஃபினாயில் பாட்டிலைத் திறந்து ஒரு கிளாஸில் ஊற்றி, மேஜையின் விளிம்பில் வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்த கேப்டன் "ஐயோ, என்ன நாத்தம்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். அவனைத் தாண்டி மாஸ்டர் உள்ளே வந்தார். அந்தக் கிளாஸுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, மேஜையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"வேணும்னே மாத்தி ஊத்தினியா? என்னை அசிங்கப்படுத்தணும்னு எத்தனை நாளா காத்திருந்தே?"

"ஏழு மாசமா" என்றாள். "மாஸ்டர், இந்த ரூம்ல என்ன வாசனை வருது?"

"என்ன கேள்வி இது?"

"வாய் திறக்கறதுக்கு முன்னாடி எழுதுங்க. பேப்பர் தரட்டுமா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், காபிக் கெட்டிலைப் பார்த்தார், கடைசியில் மேஜை மேல் இருந்த கிளாஸைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை அவள் ஒரு சொட்டு விடாமல் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

மாஸ்டர் கதவைச் சாத்தினார். "மூணு வருஷம். ஒரு காய்ச்சல் வந்துச்சு. போனப்போ இதையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. காபி வெந்நீர் மாதிரி இருக்கும்மா. பேத்தியைத் தூக்கினா அந்தக் குழந்தை வாசனைகூட..." குரல் உடைந்தது. "வெளிய தெரிஞ்சா நான் செத்தேன்."

"நான் செத்து ஏழு மாசம் ஆச்சு. நீங்கதான் கொன்னீங்க."

"தப்புதான். கால்ல வேணும்னாலும் விழறேன். நீ திரும்பி வா. நாளைக்கே முதலாளியம்மாகிட்ட சொல்லி எடுத்துக்கறேன். பழையபடி நீ முகர்ந்து சொல்லு, நான் பேசிக்கறேன். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்."

பொய் சொல்லக் கூடாது, ஒரு கணம் அவளுக்கு ஆசை வந்தது. அந்த வெள்ளை அறை, அந்த நீள மேஜை, மூடி போட்ட கிளாஸ்கள். கிளாஸ் கழுவிக் கழுவி அவள் விரலெல்லாம் சுருங்கிக் கிடந்தது. அழுகிற மனுஷனைப் பார்த்து இரக்கம்கூட வரப் பார்த்தது.

"அப்போ என் மூக்கு செத்துப்போச்சுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, அது?"

"அது... காலப்போக்குல தானா மறந்துடுவாங்கம்மா."

இரக்கம் வந்த வழியே போய்விட்டது. காலப்போக்கில்! இவர் ஆள் தேடித் தேடிச் சொல்வாராம், அது தானாக மறந்துபோக வேண்டுமாம், அவள் அதுவரைக்கும் செத்தவளாகவே முகர்ந்து கொடுக்க வேண்டுமாம். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மாஸ்டர் "ஏய், நில்லும்மா, நில்லு" என்று பின்னாலேயே வந்தார்.

முன்வரிசையில் மாஸ்டரின் விரிப்பிலிருந்தே இரண்டாவது கிளாஸையும் நான்காவது கிளாஸையும் எடுத்து, முதலாளியம்மா எதிரே வைத்தாள்.

"அம்மா, நீங்க குடிக்க மாட்டீங்கன்னு தெரியும். குடிக்க வேணாம், முகர்ந்து மட்டும் பாருங்க. எதுல புகை வாசனை வருது?"

முதலாளியம்மா அவளையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டாவது கிளாஸை முகர்ந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான்காவதை முகர்ந்தார். "இது ஏதோ கேக் மாதிரி வருது. அதுலதான் புகை. உவ்வே." பிறகு மெதுவாகத் திரும்பினார். "மாஸ்டர், நீங்க நாலாவதுலன்னுதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேனே!" என்று கத்தினார் கடைசி வரிசை வாத்தியார். அதுவரை வெனிலா, தேன் என்று தலையாட்டிய நாற்பது பேரும் இப்போது தங்களுக்கும் அப்போதே சந்தேகம்தான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மனுஷ ஜாதி.

"இவ வேணும்னே மாத்திட்டாம்மா!" என்றார் மாஸ்டர்.

"ஆமாம்மா. நான்தான் மாத்தினேன், வேணும்னேதான் மாத்தினேன்" என்றாள் அவள். "பீர்லயும் மாத்தினேன், நாக்கால கண்டுபிடிச்சாரு. இதைக் கண்டுபிடிக்க மூக்கு வேணும். அவருக்கு மூணு வருஷமா மூக்கு இல்ல. பூஞ்சைப் பீப்பாயை நான் லீவுல இருந்தப்போ அவருதான் எடுத்தாரு. முகராம கையெழுத்துப் போட்டது என் தப்பு, அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா செத்தது என் மூக்கு இல்ல."

முதலாளியம்மா மாஸ்டரையே பார்த்தார். அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைய அரை மணி ஆயிற்று. வெளியே இன்னும் நல்ல வெயில். ஹாலில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள். முதலாளியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நடந்தது நடந்துபோச்சு. திங்கக்கிழமை வந்து உன் இடத்துல உக்காரு."

"வர்றேன்மா. அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு." அவள் மாஸ்டர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "போனை எடுங்க மாஸ்டர். யார் யார்கிட்ட என் மூக்கு செத்துப்போச்சுன்னு சொன்னீங்களோ, அத்தனை பேருக்கும் போடுங்க. செத்தது உங்க மூக்குதான்னு உங்க வாயாலயே சொல்லுங்க. எனக்குக் கேக்கற மாதிரி சத்தமா வைங்க."

மாஸ்டர் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "போடுங்க" என்றார்.

முதல் எண்ணுக்குச் சொல்லும்போது மாஸ்டருக்குக் குரலே எழும்பவில்லை. "கேக்கல, சத்தமா சொல்லுங்க" என்றாள் அவள். இரண்டாவதில் அந்தப் பக்கத்து ஆள் சிரித்துவிட்டான். மூன்றாவதில் மாஸ்டர் அழுதார். அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரிடம் சொல்லியாகிவிட்டது, நெஞ்சு இன்னும் ஆறவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒருத்தர், அப்புறம் ஆறிவிடும் என்று நினைத்தாள்.

நான்காவது எண் பெரிய பீர் ஆலை நிர்வாகி. அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, போய் வா என்று வாசல்வரைக்கும் வந்து அனுப்பியவர். மாஸ்டர் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார்.

"அட, அது எனக்கு அப்பவே தெரியுமே மாஸ்டர்" என்றது போன். "அந்தம்மா இங்க வந்தப்போ, வாசல்ல நின்னுக்கிட்டே எங்க மூணாவது தொட்டி புளிச்சுப்போச்சுன்னு சொல்லிட்டுப் போனாங்க. போய்ப் பாத்தோம், புளிச்சுத்தான் இருந்துச்சு. மூக்குல ஒரு குறையும் இல்ல. ஆனா நீங்க வேணாம்னு சொல்லும்போது நாங்க எடுக்க முடியுமா? உங்களைப் பகைச்சுக்கிட்டு என்ன செய்யறது, சொல்லுங்க?"

மாஸ்டர் மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. பார்த்தாயா, நான் மட்டும் இல்லை என்று கேட்பது போல இருந்தது. அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"நான்தாங்க பேசறேன். தொட்டியைக் காப்பாத்திக்கிட்டீங்க. எனக்கு ஒரு நன்றி சொல்லணும்னுகூடத் தோணலையா?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அவள் போனை மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தாள். முதலாளியம்மா, "போதுமேம்மா, விட்டுடேன்" என்று தணிந்த குரலில் சொன்னார். மூக்குக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இன்னும் ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் பாக்கி இருக்கும்மா" என்றாள். "மாஸ்டர், அடுத்த நம்பர்."